காவலர் குடும்பமும் அரசின் கடனும்

ஒரு நாட்டின் சட்டம் ஏட்டளவில் நில்லாது தெருவளவிலும் நிலவவேண்டுமாயின், அதனைக் காத்தற்பொருட்டுச் சிலர் தம் உடலை முன்னிறுத்தல் வேண்டும். அவருள் ஒருவர் அப்பணியில் உயிர்நீத்தால், அவர்தம் மனைவியும் மக்களும் யாரை நோக்கி நிற்பர்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு இங்கிலாந்து தேசத்திற்கு ஒரு நூற்றாண்டு வரையிற் சென்றது. அவ்விடை முதலில் அருட்கொடையாயும், பின்னர்க் கூட்டுதவியாயும், ஈற்றில் உரிமையாயும் உருமாறிய வரலாறு, அரசுக்கும் அதன் ஊழியர்க்கும் உள்ள தொடர்பு வளர்ந்தவாற்றை இனிது விளக்கும்.

உள்நாட்டு மந்திரியாயிருந்த றொபேட் பீல் என்பார் 1829ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பொலிஸ் படையை நிறுவினார். மக்கள் அதனை விரும்பினாரல்லர். தம் சுதந்திரத்தைப் பறிக்கவந்த ஒற்றர் கூட்டமென்றும், வேறுடை தரித்த இராணுவமென்றும் அதனை இகழ்ந்தனர். 1833ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, கிளாக்கன்வெல் பகுதியிலே தொழிலாளர் கூடிய ஓர் அரசியற் கூட்டத்தைக் கலைக்கச்சென்ற றொபேட் கலி என்னும் கொன்ஸ்தாபிள் கத்தியாற் குத்துண்டு இறந்தார். மரண விசாரணைக்கு அமர்ந்த யூரிமார் அக்கொலை நியாயமானதே எனத் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு மேல்மன்றில் நீக்கப்பட்டதாயினும், தீர்ப்பளித்த யூரிமாரைப் பொதுமக்கள் வீரரெனப் போற்றிப் பதக்கமும் அளித்தனர். இறந்தவன் காவலனா, கொடியவனா என்பதே ஐயப்பாடாயிருந்த அக்காலத்தில், அவன் குடும்பத்தைப் பேணுதல் பொதுமக்கள் கடனென்னும் எண்ணம் எங்ஙனம் வேரூன்றும்? அரசு மனமிரங்கி ஈவதே அன்றைய காவலர் குடும்பத்துக்குப் புகலாயிற்று.

அரசின் இரக்கத்தை மாத்திரம் நம்பியிருத்தல் இயலாதெனக் கண்ட காவலர் தாமே ஒரு வழியை நாடினர். 1870ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த ருவிக்கன்ஹாமிலே பொலிஸ் அனாதைச்சாலை ஒன்று தோன்றியது. இறந்த காவலரின் பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் அளித்த அந்நிலையம், காவலர் தம் சம்பளத்திலிருந்து ஈந்த பணத்தாலும், அவர்தாமே பாடியும் ஆடியும் நடாத்திய இசைநிகழ்ச்சிகளின் வருவாயாலும் நடைபெற்று வந்தது. 1937ஆம் ஆண்டில் அச்சாலை மூடப்பட்டபோதிலும் அதன் நிதி அழியாது தொடர்ந்தது. இன்று ஒருவன் மகவுக்கு நாம் ஈவது நாளை நம் மகவுக்கு ஈயப்படும் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. எனினும், காவலனது உழைப்பாற் பயனடைந்தது நாடு முழுவதும். அவன் குடும்பத்தின் சுமையைத் தாங்கியவரோ அவனொத்த சம்பளக்காரர்.

1890ஆம் ஆண்டிற் பிறந்த பொலிஸ் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றிற்று. அதுவரை மேலதிகாரிகளின் விருப்பைப் பொறுத்திருந்த ஓய்வூதியம், 25 ஆண்டு சேவை புரிந்தோர்க்கு உரிமையாயிற்று. கடமையின்போது ஏற்பட்ட காயத்தால் இறந்தவரின் கைம்பெண்ணுக்கும் ஓய்வூதியம் விதிக்கப்பட்டது. ஆயின் அதன் அளவு யாது என்பதை 1909ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதி நிகழ்ந்த ரொட்டனம் துன்பியல் வெளிப்படுத்திற்று. தொழிற்சாலைச் சம்பளப் பணத்தைப் பறித்தோடிய ஆயுதபாணிகள் இருவரைத் துரத்திச்சென்ற வில்லியம் ரைலர் என்னும் கொன்ஸ்தாபிள் சுடப்பட்டு இறந்தார். வழியிலிருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான். இறுதி ஊர்வலத்தைக் காண இலட்சக்கணக்கான மக்கள் வீதிகளில் நின்றனர். கிளாக்கன்வெல்லில் கொலையை நியாயமென்ற நகரம், எழுபத்தாறு ஆண்டுகளின் பின் காவலனுக்காகக் கண்ணீர் வடித்தது. ஆயினும் ரைலரின் மனைவிக்குக் கிடைத்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 15 பவுண் மாத்திரமே. கிழமைக்குக் கணக்கிடின் ஆறு சிலிங்கினுங் குறைவு. பொதுமக்கள் திரட்டிய 1,055 பவுண் நிதியிலிருந்தும் அவர் பெற்றது வட்டியை மட்டுமே. அவ்வாண்டிலேயே தீரமிக்க பொலிசார்க்கு அரசர் பெயராற் பதக்கமும் ஏற்படுத்தப்பட்டது. புகழ் பெரிதாயிற்று, உணவு பெரிதாகவில்லை.

அடுத்த மாற்றம் போராட்டத்தால் விளைந்தது. முதலாம் உலகப்போரால் விலைவாசி ஏற, சம்பளமோ ஏறாதிருந்தது. 1918ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி இலண்டன் பொலிசாரிற் பெரும்பாலார் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதம மந்திரி லொயிட் ஜோர்ஜ் நேரிற் பேசி உடன்பாடு கண்டார். கிழமைக்கு 13 சிலிங் சம்பள உயர்வும், பாடசாலை செல்லும் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் இரண்டரைச் சிலிங் உதவியும், கைம்பெண்களுக்குப் 10 சிலிங் ஓய்வூதியமும் அதன் பயன்களாம். மறு ஆண்டில் எழுந்த பொலிஸ் சட்டம் காவலர் தொழிற்சங்கத்தைத் தடைசெய்தது. அதனை எதிர்த்து மீண்டும் வேலைநிறுத்தம் செய்தோர் பதவியையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தனர். வேலைநிறுத்தத்தாற் கிடைத்த பேறு, வேலைநிறுத்தத்தாலேயே பல குடும்பங்களின் கைவிட்டுப் போயிற்று.

உரிமை நிலைபெற்ற பின்னரும் ஈகைக்கு இடமிருந்தது. 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, இலண்டன் ஷெப்பேட்ஸ் புஷ் பகுதியில் மூன்று பொலிசார் சுட்டுக்கொல்லப்பட்டபொழுது, பில்லி பட்லின் என்னும் வணிகர் 250,000 பவுண் ஈந்தார். பொலிசாரைச் சார்ந்தோர்க்கான நம்பிக்கை நிதியம் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. விரைவில் அதன் தொகை பத்து இலட்சம் பவுணைக் கடந்தது. சட்டம் அளந்து கொடுத்தது போதாதென மக்கள் உள்ளம் கருதியதற்கு இதுவே சான்று.

மற்றொரு சிக்கல் நெடுங்காலம் தீராதிருந்தது. கைம்பெண் மறுமணம் புரிந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பது பழைய விதி. கணவன் இடத்தில் நின்று அரசு அவளைப் பேணுகின்றது. வேறொரு கணவன் வரின் அரசின் பொறுப்பு நீங்கும் என்னும் கருத்தே அதிற் பொதிந்துளது. இறந்தவர் தம் உயிரால் ஈட்டிய ஊதியமே அதுவெனக் கொள்ளின், மறுமணத்தால் அது மறைதல் பொருந்துமா? கடமையில் இறந்தோரின் துணைவர் 2015ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆந் திகதிக்குப் பின் மறுமணம் புரியினும் ஓய்வூதியத்தை இழவார் என இங்கிலாந்து அரசு ஏற்றுக்கொண்டபோது, பின்னைய கருத்தே வென்றது.

ஆங்கில நிருவாக முறையைத் தழுவிய இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கள்வர் தலைவன் சரதியலைப் பிடிக்க முயன்ற வேளையில், 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி மாவனல்லையில் உயிர்நீத்த கொன்ஸ்தாபிள் சபான் என்பாரே இந்நாட்டிற் கடமையின்போது இறந்த முதற் பொலிஸ் வீரராவர். அத்திகதி இன்றும் பொலிஸ் வீரர் நினைவுநாளாகப் போற்றப்படுகின்றது. 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரசாங்க ஊழியரின் கைம்பெண்கள், அனாதைகள் ஆகியோர்க்கான ஓய்வூதிய நிதியை நிறுவிற்று. ஊழியர் சம்பளத்திற் கழிக்கப்பட்ட பணமே அந்நிதிக்கு ஊற்றாகும். ருவிக்கன்ஹாமிற் காவலர் மனமுவந்து செய்ததை இங்கே சட்டம் கடமையாக்கியது எனலாம். 1983ஆம் ஆண்டின் சட்டம் பெண் ஊழியர்தம் கணவர்க்கும் அப்பேற்றை நல்கியது.

வீரனுக்கு நினைவுநாள் எடுத்தல் எளிது. அஃது ஆண்டில் ஒருநாட் செயல். அவன் மனைவிக்கும் மக்களுக்கும் பசியோ ஆண்டு முழுவதும் உண்டு. காவலனை ஆபத்தின்முன் நிறுத்தும் அரசு, அவன் வீழ்ந்தபின் அவன் இல்லத்தின்முன் தானே சென்று நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்பது ஈகையன்று, தான் பட்ட கடனைத் தீர்ப்பதே என்னும் உண்மையை உணர்தற்கு இங்கிலாந்துக்கு எத்துணைக் குடும்பங்களின் துயர் வேண்டியிருந்தது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.