இடம் மாறும் பிள்ளைகளுக்காக ஒரு பரீட்சை

மும்பை, புனே, பெங்களூரு என்று பிழைப்புக்காக வந்து சேர்ந்த நம்மவர் வீடுகளில், பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கினால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "ஐ.பி.யில சேர்த்துடலாமா?" ஒருவர், "வெளிநாடு அனுப்பறதா இருந்தா அதுதான் சரி" என்பார். இன்னொருவர் ஃபீஸைச் சொல்லி வாயைப் பிளப்பார். மூன்றாமவர், "அதெல்லாம் பணக்காரங்க படிப்பு, விடுங்க சார்" என்று முடித்து வைப்பார். இதை யார், யாருக்காக, எதற்காக உண்டாக்கினார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆர்வத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஆச்சரியம்! ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்த படிப்பு அது. அதாவது நம்மைப் போன்றவர்களுக்காக.

முதலில் படிப்பைப் பற்றி இரண்டு வரி (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). இன்டர்நேஷனல் பாக்கலோரியட் டிப்ளமா நமது 11, 12ஆம் வகுப்புகளுக்கு இணையானது. 6 பாடங்கள். பொதுவாக மூன்றை ஆழமாகவும், மூன்றை அதைவிடக் குறைந்த அளவிலும் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 வீதம் 42. 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடத்துக்கும், 4000 சொற்கள் வரையான ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. தேற 24 வேண்டும். கலை, விளையாட்டு, சமூக சேவைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் செய்யாவிட்டால் டிப்ளமாவும் கிடையாது.

கதை ஜெனிவாவில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அங்கே அலுவலகம் திறந்தன. பல நாடுகளிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனிவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது.

சின்ன வகுப்புகளில் சிக்கல் இல்லை. எல்லாரும் சேர்ந்து படித்தார்கள், விளையாடினார்கள். கடைசி இரண்டு வருடம் வந்ததும் வகுப்பு துண்டு துண்டாக உடைந்தது. பிரெஞ்சுப் பையனுக்கு பாக்கலோரியா, ஆங்கிலேயப் பெண்ணுக்கு ஏ-லெவல், சுவிஸ் பிள்ளைக்கு மத்யூரித்தே, அமெரிக்கர்களுக்கு காலேஜ் போர்டு தேர்வு. சொந்த நாட்டுக் கல்லூரி வேண்டுமானால் சொந்த நாட்டுப் பரீட்சை எழுதித்தானே ஆக வேண்டும்? பத்து வருடம் ஒன்றாக வளர்ந்தவர்களைப் பரீட்சை பிரித்துவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் நாலைந்து பேருக்காக ஓர் ஆசிரியர் என்றால் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது.

1962இல் அந்தப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர்களின் மாநாடு ஒன்று நடந்தது. எல்லா நாடுகளும் ஏற்கிற ஒரே பரீட்சை வைத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் உருப்பெற்றது. அவர்கள் முதலில் கை வைத்தது வரலாற்றுப் பாடத்தில். அதுதான் ஆகக் கடினமானது என்பதை யோசித்துப் பாருங்கள். 1857ஐ நம் பிள்ளை சுதந்திரப் போர் என்று எழுதும், ஆங்கிலேயப் பிள்ளை சிப்பாய்க் கலகம் என்று எழுதும். யாருக்கு மார்க்? இரண்டையும் எடை போடத் தெரிந்தவனுக்கு என்பதுதான் அந்தப் பாடத்திட்டம் போன பாதை.

இந்த முயற்சிக்கு ட்வென்டியத் செஞ்சுரி ஃபண்ட், ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆகிய அமெரிக்க அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. 1968இல் ஐ.பி. அமைப்பு ஜெனிவாவில் முறையாகப் பதிவானது. முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கல்வித்துறைக்குத் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கலை, அறிவியல் என்று பிரித்துவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை (நம்ம ஊர் ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் நினைவுக்கு வருகிறதா?). பிரெஞ்சு முறையில் பாடங்கள் அதிகம், ஆங்கிலேய முறையில் ஆழம் அதிகம். மூன்று ஆழம், மூன்று அகலம் என்ற கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த சமரசம்.

1970இல் முதல் அதிகாரபூர்வத் தேர்வு நடந்தது. அடுத்த ஆறு வருடம் சோதனைக் காலம். பல்கலைக்கழகங்கள் "சரி, பார்ப்போம்" என்ற அளவில்தான் இருந்தன. 1971இல் வேல்ஸிலிருந்த அட்லாண்டிக் கல்லூரி ஏ-லெவலை அடியோடு விட்டுவிட்டு இதற்கு மாறியபோதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். ஜெனிவாவில் மாநாடு கூடிய அதே 1962இல் இங்கேயும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலையில் சி.பி.எஸ்.இ. வாரியம் திருத்தி அமைக்கப்பட்டது. மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு உதவுவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. நவம்பரில் கேந்திரிய வித்யாலயா திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடமே, ராணுவ முகாம்களில் இருந்த 20 பள்ளிகளோடு அது தொடங்கியது.

ஒரே வருடம், ஒரே பிரச்சினை, இரண்டு விடைகள். நமது அரசாங்கம் தந்த விடை: எந்த ஊருக்குப் போனாலும் அதே புத்தகம், அதே ஆங்கிலம், இந்தி. அப்பாவுக்கு ஜபல்பூரிலிருந்து கௌஹாத்திக்கு மாற்றல் வந்தாலும் பிள்ளை விட்ட பாடத்திலிருந்தே தொடரலாம். ஏழைக் குமாஸ்தாவுக்கும் கட்டுப்படியாகும் கட்டணம். லட்சக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெனிவா ஆசிரியர்களின் விடையில் ஒரு விஷயம் வேறு. பரீட்சை பொது. ஆனால் ஆறு பாடங்களில் முதலாவது, மாணவன் நன்றாக அறிந்த மொழியின் இலக்கியம். முடிந்தால் அது தாய்மொழியாக இருக்கட்டும் என்றார்கள். எங்கோ ஒரு நாள் ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைகள் அல்லவா! பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டால், பள்ளியின் மேற்பார்வையில் மாணவன் தானே படித்து எழுதவும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிகளை இலக்கிய அளவில் படித்துத் தேறினால் 'இருமொழி டிப்ளமா' என்று சான்றிதழிலேயே போடுகிறார்கள்.

இந்தியாவில் ஐ.பி. முதலில் நுழைந்த இடம் மும்பையோ டெல்லியோ அல்ல. நம்ம கொடைக்கானல்! 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலாக மாறி, 1976இல் இதைக் கொண்டு வந்தது. 1983இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் டிப்ளமாவை அங்கீகரித்தது. 1997இல் புனே அருகே மஹிந்திரா யுனைடெட் வேர்ல்டு காலேஜ் வந்தது. தாராளமயமாக்கலுக்குப் பிறகுதான் பெருநகரங்களில் பரவியது. இன்று ஐ.பி.யின் ஏதாவது ஒரு திட்டத்தை நடத்தும் பள்ளிகள் இங்கே இருநூறுக்கும் மேல்.

பரவியபோது ஆளும் மாறிவிட்டது. அறக்கட்டளைப் பணம் ஓய்ந்த பிறகு பள்ளிகள் கட்டும் சந்தாவும் தேர்வுக் கட்டணமும்தான் அமைப்புக்கு வருமானம். கூடவே ஆசிரியர் பயிற்சி, ஆய்வுக்கூடம். எல்லாம் பெற்றோர் தலையில் வருடத்துக்குப் பல லட்சமாக இறங்குகிறது. ஊர் மாறும் குடும்பங்களுக்கான படிப்பு, பல தலைமுறையாக ஒரே நகரத்தில் இருக்கும் வசதிக்காரர்களின் படிப்பாயிற்று. மூன்றாமவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

நம்மவர்கள் ஐ.பி.யில் சேர்த்தாலும் என்ன நடக்கிறது? ஆங்கிலம் முதல் மொழி, பிரெஞ்சோ ஸ்பானிஷோ இரண்டாவது. தமிழைப் பற்றிப் பள்ளியும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நான் மூன்று ஊர் மாறியவன். என் பையன் தமிழ் நன்றாகப் பேசுவான். ஊருக்குப் போனால் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பான். அதோடு சரி. மாற்றலோடு வரும் இழப்பு என்று நாம் எழுதி வைத்துவிட்ட கணக்கு இது. அப்படி எழுதத் தேவையில்லை என்று சில ஆசிரியர்கள் 1960களிலேயே நினைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறைத்த செய்தி. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். அரசு வேலைக்காகத் தலைநகர் போன நம்மவர்கள் 1920களிலேயே சங்கம் அமைத்துத் தொடங்கியவைதான் டெல்லியின் டி.டி.ஈ.ஏ. தமிழ்ப் பள்ளிகள்.

சேர்ப்பதும் விடுவதும் அவரவர் பணப்பையையும் பிள்ளையின் விருப்பத்தையும் பொறுத்தது. சேர்ப்பதாக இருந்தால் இரண்டு கேள்விகளை முன்னாலேயே கேளுங்கள். டாக்டர் கனவு இருந்தால், மூன்று அறிவியல் பாடங்களுக்கு வழி உண்டா? வழக்கமான அமைப்பில் அதற்கு இடமில்லை, தனி அனுமதி வேண்டும். அடுத்தது, தமிழை இலக்கிய மொழியாக எடுக்க ஏற்பாடு செய்வீர்களா? பட்டியலில் இல்லாத மொழி என்றால் பள்ளிதான் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே சேரும்போதே கேட்பது நல்லது.

சேர்க்காதவர்களுக்குச் செலவில்லாத பாடம் ஒன்று இதில் உண்டு. வாரம் ஒரு சிறுகதை, வீட்டிலேயே, பிள்ளை வாய்விட்டுப் படிக்க நாம் கேட்க. பரீட்சை வேண்டாம், மார்க்கும் வேண்டாம் :-)

உங்கள் பிள்ளைகள் யாராவது ஐ.பி.யில் தமிழ் எடுத்திருந்தால் அனுபவத்தை எழுதுங்கள். இங்கே பலருக்கும் உபயோகமாக இருக்கும்.