கறி காஞ்சிக்கு வந்த வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டு வாசலில் "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால், என்ன கறி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆட்டுக்கறிதான். அதே நேரத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலை ஒட்டிய வைணவ வீடுகளில், "இன்னிக்கு வாழைக்காய்க் கரமது" என்பார்கள். கறியமுது என்பதுதான் பேச்சில் தேய்ந்து கரமது ஆனது. ஊரும் ஒன்று, சொல்லும் ஒன்று. பொருள் மட்டும் ஒரு வீட்டில் ஆடு, மற்றொரு வீட்டில் வாழைக்காய். இரண்டுக்கும் முன்னால் அந்தச் சொல்லுக்கு மிளகு என்று பொருள்.

இதைத் தேடிப் போக வெளியூர் போக வேண்டாம். காஞ்சிக்கு வழி சொல்லும் பழம்பாட்டே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்ற பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி காட்டுகிறான். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியபோது இதுவும் எல்லோர் கைக்கும் வந்தது. பாட்டை வரலாற்றுக்காகப் படிப்பவர்கள் உண்டு, திருவெஃகாவில் பாம்பணையில் பள்ளிகொண்டவனைப் பற்றிய குறிப்புக்காகப் படிப்பவர்கள் உண்டு. நான் படிப்பது சாப்பாட்டுக்காக. பாணனுக்கு எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதுதான் பாட்டின் பெரும்பகுதி.

முதலில் வருவது பாலை நிலம். ஈச்ச இலை வேய்ந்த, எயினர் என்னும் வேட்டுவர் குடிசைகள். எயிற்றியர் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். பார்வை மான் கட்டியிருக்கும் விளாமரத்தடியில், நிலத்தில் குழித்த உரலில் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உப்புத் தண்ணீரை மொண்டு, விளிம்பு உடைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். உலை அரிசியோடு வேகும் இறைச்சிக்குப் பாட்டில் பெயர் வாடூன். வாடிய ஊன், அதாவது உப்புக்கண்டம். அதைத் தேக்கிலையில் குவித்துத் தருகிறார்கள்.

வேட்டையும் இங்கேதான். தண்ணீர் தேடி இரவில் வரும் காட்டுப்பன்றிக்காகக் குழி பறித்து அதற்குள்ளேயே ஒளிந்து காத்திருக்கிறார்கள். பன்றி கிடைக்காவிட்டால் நாய்களை ஏவி, வலை கட்டிக் குறுமுயலை வளைக்கிறார்கள். அடுத்து வரும் எயினர் அரணில் மேட்டு நிலத்தில் விளைந்த சிவப்பரிசிச் சோறு, ஈச்சங்கொட்டை மாதிரி பருத்த பருக்கை. அதற்குத் தொட்டுக்கொள்ள, நாய் பிடித்துவந்த, வயிற்றில் முட்டையோடு இருக்கும் உடும்பு. அந்தப் பதார்த்தத்துக்குப் பெயர் வறை. வறுத்தது வறை. தமிழ்நாட்டில் இந்தச் சொல் வறுவல் என்று வால் நீண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வறைதான்: சுறா வறை, முருங்கையிலை வறை. உடும்பு போய்ச் சுறா வந்திருக்கிறது, அவ்வளவே.

மருத நிலத்துக்கு வந்தால் வெண்ணெல் சோற்றோடு வீட்டுக்கோழி. அது வாட்டு. பட்டினத்தில் குழியில் அடைத்துக் கொழுக்க வைத்த பன்றியின் தசைக்குத் தடி என்று பெயர். கடைசியில் அரண்மனை. வளைந்த கத்தி பிடித்துத் தழும்பேறிய கையுடைய சமையல்காரன் ஆக்கிய பலவகை இறைச்சித் துண்டுகள், விண்மீன் போன்ற கலங்களில். அவை குறை, அதாவது அறுத்த துண்டு. ஊன், வாடூன், வறை, வாட்டு, தடி, குறை என்று இத்தனை பெயர். இறைச்சியை எப்படிப் பதப்படுத்தினார்கள், எப்படிச் சுட்டார்கள், எப்படி அறுத்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. கறி என்ற பெயர் மட்டும் இந்த வரிசையில் இல்லை.

கறி எங்கே வருகிறது? ஊன் புகாத ஓர் அடுப்பில், அந்தணர் வீட்டில். மாதுளங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயில் வெதுப்பி, கறி தூவி, கஞ்சகத்தின் இளந்தளிர் கலந்து தருகிறார்கள். தொட்டுக்கொள்ள மாவடு. கஞ்சகம் என்றால் கறிவேப்பிலை. கறி என்றால் மிளகுப்பொடி. இன்று கறி என்றாலே முகம் சுளிக்கும் வீடுகள் உண்டே, அந்தச் சொல் காஞ்சிக்கு வழி சொல்லும் பாட்டில் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில்தான்!

மிளகு இதே பாட்டில் இன்னொரு பெயரோடும் வருகிறது. எயினரைப் பார்ப்பதற்கு முன்பே, சுங்கம் கொடுக்கும் பெருவழியில் பலாப்பழம் போலப் பருத்த பொதிகளைச் சுமந்து கழுதைகள் போகின்றன. பொதிக்குள் இருப்பது மிரியல். வணிகன் கழுதையில் ஏற்றும்போது மிரியல், வீட்டு அடுப்பில் தூவும்போது கறி. ஆனால் இதை விதியாக்கிவிட முடியாது. இதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு நிலவழியாக வந்த மூட்டைகளைக் கறி மூட்டை என்கிறார். முசிறியில் யவனர் கப்பல் பொன்னைக் கொடுத்து ஏற்றிப் போனதும் அகநானூற்றில் கறிதான். மிரியல் தமிழில் செத்துவிட்டது, தெலுங்கில் மிரியாலு என்று வாழ்கிறது. காஞ்சியில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. இளந்திரையன் காலத்துச் சொல்லை அவர்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கேட்கலாம்.

மிளகு எப்படி ஆடாக மாறியது? கறி என்பது வினையும்கூட. கறித்தல் என்றால் கடித்துத் தின்னல். நாக்கைக் கடிப்பதால் மிளகு கறி ஆனது என்பார்கள் சிலர். சோற்றோடு கடித்துக்கொள்வது கறி, மிளகு அதில் ஒன்று என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதற்குப் புறநானூற்றின் 14ஆம் பாட்டு துணை. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்து, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். உன் சோற்றைத் தின்பதைத் தவிர இந்தக் கைக்கு வேறு வேலை இல்லை என்கிறார் கபிலர். அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் ஊன், துவை, கறி, சோறு அடுத்தடுத்து நிற்கின்றன. நான்காகப் பிரித்தாலும் சரி, கறிசோறு என்று சேர்த்தாலும் சரி, ஊன் தனியாக நிற்கிறது, கறி தனியாக நிற்கிறது. கறி சோற்றின் பக்கம் நகர்ந்துவிட்டது, இன்னும் இறைச்சியின் பக்கம் போகவில்லை.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் கறியமுது முழுக்கவும் காய்தான். பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்று படையலுக்கு அளவு சொல்லும் கல்வெட்டுகளில், மிளகு என்ற பெயரிலேயே மிளகுக்கு வேறு கணக்கு. மிளகு என்ற சொல் முன்னுக்கு வந்ததும், கறிக்குப் பழைய வேலை போய்விட்டது. வரதர் கோயில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகும் காஞ்சிபுரம் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் உண்டு. சங்கக் கணக்கில் பார்த்தால் பெருமாள் தினமும் கறி சாப்பிடுகிறார். இதை மடைப்பள்ளிக்காரரிடம் சொல்லிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இறைச்சிக்குக் கறி என்ற பெயர் ஒட்டியதைக் காட்டும் கதை ஒன்றும் காஞ்சிப் பக்கத்துக்காரர் சொன்னதுதான். காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் இரண்டு ஊன் படையல்கள் உண்டு. கண்ணப்பர் காளத்தி மலையில் வேட்டையாடிய பன்றியைத் தீயில் காய்ச்சி, கடித்துச் சுவை பார்த்து, நல்லதை மட்டும் தேக்கிலைக் கல்லையில் வைத்துத் தேன் கலந்து கொண்டுபோகிறார். அதே தேக்கிலை. எயினர் காலத்துப் பாத்திரம் மாறவில்லை. மற்றொன்று சிறுத்தொண்டர் கதை. பல்லவர் படைத்தலைவராக வாதாபியை அழித்துவிட்டுத் திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்தவர் அவர். அங்கே பைரவர் கோலத்தில் வந்த சிவனுக்கு அவர் தன் பிள்ளையையே சமைத்துப் படைத்ததை ஊர் பிள்ளைக்கறி என்றே சொல்கிறது. கண்ணப்பர் கொடுத்ததை யாரும் பன்றிக்கறி என்று சொல்லிக் கேட்டதில்லை. அது காட்டில் அம்பில் கோத்துச் சுட்ட ஊன். சிறுத்தொண்டர் வீட்டில் நடந்தது சமையல். அறுத்து, மசாலை சேர்த்து, சோறு வடித்து, இலை போட்டுப் பரிமாறியது. சோற்றுக்குப் பக்கத்தில் வந்ததால் அது கறி.

ஈழத்தில் இந்த நடுக்காலம் இன்னும் இருக்கிறது. பருப்புக்கறி, கத்தரிக்காய்க் கறி, மீன்கறி, ஆட்டிறைச்சிக் கறி என்று எல்லாமே அங்கே கறி. ஆட்டின் தசைக்கு இறைச்சி என்றே பெயர். மலையாளத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் எடுத்துப்போனது இந்தக் கறியைத்தான். 1747இல் இலண்டனில் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை எழுதிவிட்டார்.

தமிழ்நாட்டில் மட்டும் சொல் குறுகியது. காய் கறிகளுக்குப் பொரியல், கூட்டு, குழம்பு என்று தனித்தனிப் பெயர் வந்தது. ஆட்டுக்கறியில் ஆடு உதிர்ந்தது, கறி நின்றது. அதற்குள் மிளகின் இடத்தை மிளகாய் பிடித்துவிட்டது. கறிக்கடைப் பலகையில் "கரி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கரி அடுப்புக்கரி, யானையும்கூட. கடையில் தொங்குவது இரண்டும் இல்லை.

எயினர் வேட்டை சட்டப்படி 1972இல் முடிந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. ஆனாலும் களவாக அடித்து விற்பவர்கள் உடும்புக்கறி, மான்கறி என்றுதான் சொல்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் பெரும்பாலும் "மான் இறைச்சி பறிமுதல்" என்று வரும்.