வழி கேட்கும் பிள்ளைகள்

“பத்தாவது முடிந்தது, இனி என்ன?” ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த நம் திருவண்ணாமலையிலும், இராஜபாளையத்திலும் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. முன்னாளில் விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. தறிக்காரர் மகன் தறிக்கும், மில் தொழிலாளி மகன் மில்லுக்கும் சென்றனர். பெண்பிள்ளை அடுப்படிக்கோ, தீப்பெட்டி ஒட்டவோ சென்றாள். பிள்ளையின் விருப்பம் யாதெனக் கேட்டவர் சிலரே.

அவ்வாறு கேட்பதையே ஒரு பணியாக்கியவருள் முன்னோடி, அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ல் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கெனத் தொழில் வழிகாட்டு நிலையம் கண்டார். உன்னை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை.

நம் நாட்டில், டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் தேவை என்றது. 1964–66-ல் கோத்தாரி குழு மேலும் ஒரு படி சென்றது. வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும்; வேலையைப் பற்றி மட்டுமன்றி, மாணவரின் மனச்சிக்கல்களிலும் துணை நிற்க வேண்டும் என்றது. ஆயினும் பல பள்ளிகளில் இப்பொறுப்பு வகுப்பாசிரியர் தோளிலேயே விழுந்தது.

1978-ல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. பதினைந்து வயதிலேயே பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நிலை உண்டாயிற்று. கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் வாசல் அடைபட்டது. அறியாமல் எடுத்த முடிவு ஆயுளுக்கும் தொடர்ந்தது.

அண்மைக் காலத்தில் அரசின் பார்வையும் மாறியது. 2017-ல் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிப்பது கைவிடப்பட்டது. 2018-ல் 14417 என்ற மாணவர் உதவித் தொலைபேசி வந்தது. 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டுதலும் கிடைத்தது. “என்ன வேலை?” என்று தொடங்கிய பணி, “என்ன வருத்தம்?” என்று கேட்கும் பணியாகவும் வளர்ந்தது.

அன்பார்ந்த பெற்றோரே! இத்தனைக்குப் பிறகும் முதல் ஆலோசகர் நாமே. மதிப்பெண் குறைந்த பிள்ளை முதலில் அஞ்சுவது நம் முகத்தைக் கண்டே. தேர்வில் தவறியவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. போன உயிருக்கோ மறுதேர்வு இல்லை. தேர்வு முடிவு வரும் நாளில், “என்ன மார்க்கு?” என்பதற்கு முன் “சாப்பிட்டாயா?” என்று கேட்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருப்போம். இந்த யூபிலி ஆண்டில் நம் இல்லங்கள் ஏற்கும் தீர்மானம் இதுவாகட்டும்.