ரஞ்சித்சிங் டிசலே

ரஞ்சித்சிங் டிசலே (பிறப்பு: 1988) இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்த கல்வியாளர் ஆவார். சோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் ஆசிரியராக இருந்தபோது, அச்சிட்ட பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளைச் சேர்த்து, அவற்றின் வழியாக ஒலிப்பாடல்கள், நிகழ்படங்கள், கதைகள், பயிற்சிகள் ஆகியவற்றை மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்தமைக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். 2020ஆம் ஆண்டுக்கான உலக ஆசிரியர் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. பரிசுத் தொகையில் பாதியை இறுதிச் சுற்றில் தம்முடன் போட்டியிட்ட ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்ததும் குறிப்பிடத்தக்கது.

தொடக்க வாழ்க்கை

டிசலே முதலில் பொறியியல் படிப்பில் சேர்ந்தார். தகவல் தொழில்நுட்பப் பொறியாளராக வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. அப்படிப்பு நினைத்தபடி அமையாததால் அதனைக் கைவிட்டு, தந்தையின் ஆலோசனைப்படி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். தொடக்கத்தில் தயக்கத்துடனேயே இத்துறைக்கு வந்ததாக நேர்காணல்களில் அவர் கூறியுள்ளார்.

பரித்தேவாடி பள்ளி

2009ஆம் ஆண்டில் சோலாப்பூர் மாவட்டம், மாடா வட்டத்தில் உள்ள பரித்தேவாடி என்னும் சிற்றூரின் மாவட்ட ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் டிசலே பணியில் சேர்ந்தார். அப்போது பள்ளிக் கட்டடம் இடிந்த நிலையில், ஒரு மாட்டுக் கொட்டிலுக்கும் ஒரு சேமிப்பு அறைக்கும் இடையே இருந்தது. மாணவியருள் பலர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தோர். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் ஊரில் வேரூன்றவில்லை. அவர்களது வருகை சில வேளைகளில் 2 விழுக்காடு வரை குறைந்திருந்ததாகப் பரிசுக் குறிப்பு தெரிவிக்கிறது. சிறுவயதுத் திருமணமும் அங்கு வழக்கில் இருந்தது.

இவற்றுடன் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. சோலாப்பூர் மாவட்டம் கர்நாடகத்தை ஒட்டிய எல்லை மாவட்டமாகும். மாணவியரின் முதன்மை மொழி கன்னடம். அவர்கள் கையில் இருந்த பாடநூலோ வேறு மொழியில் இருந்தது. வீட்டில் ஒரு மொழியும் நூலில் வேறொரு மொழியும் வழங்கும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இரட்டைச் சுமை ஏற்படுகிறது. எழுத்தை ஒலியாக மாற்றிய பின்னும் அந்த ஒலி அதற்குப் பொருள் தருவதில்லை. ஒலிப்பதிவையும் படத்தையும் டிசலே நாடியதற்கான காரணத்தை இந்தப் பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். அவர் அவ்வூருக்கே குடிபெயர்ந்தார். அங்கு வழங்கும் மொழியைக் கற்றார். பாடங்களை மாணவியரின் மொழிக்குப் பெயர்த்தார். தொழில்நுட்பம் இதற்குப் பின்னரே வந்தது. செய்தித்தாள்கள் பலவும் குறியீட்டை மட்டுமே தலைப்பாக்கியதால் இவ்வரிசை பலருக்குத் தெரியாமற் போயிற்று.

குறியீடு இட்ட பாடநூல்

டிசலே செய்தது கருத்தளவில் எளியதே. பாடநூலின் ஒவ்வொரு பாடத்திற்கும் அல்லது செய்யுளுக்கும் உரிய பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு இடம்பெறும். நகர்பேசியின் படக்கருவியால் அதனை வருடினால், அப்பாடத்திற்குரிய ஒலிப்பாடலோ விளக்கப் படமோ கதையோ பயிற்சியோ திரையில் திறக்கும். நூல் பழைய நூல்தான். குழந்தை பக்கத்தைப் புரட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் வீட்டில் நகர்பேசியை அச்சதுரத்தின் மேல் பிடித்துக் குழந்தைக்குப் பாடத்தைக் கேட்பிக்க இயலும். இணைய முகவரியைத் தட்டெழுதச் சொல்லியிருந்தால் இது நடவாது.

வகுப்பறையில் எண்ணிமத் தொழில்நுட்பம் என்றால் கணினி ஆய்வகம் என்று பொருள்கொள்வதே இந்தியாவில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆய்வகத்திற்குத் தனி அறை, தடையற்ற மின்சாரம், பழுது பார்ப்பவர் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிடினும் கணினிகள் உறையிட்டபடியே பழையனவாகிவிடும். அச்சிட்ட குறியீட்டுக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. நூலில் ஒரு சதுரத்தைக் கூடுதலாக அச்சிடுவதற்கு ஆகும் செலவும் ஏறத்தாழ ஒன்றுமில்லை. செலவு முழுவதும் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாடப்பொருளை உருவாக்குவதிலேயே உள்ளது. ஆசிரியரின் உழைப்பு வேண்டப்படுவதும் அங்கேதான்.

குறியீடு இயங்கும் விதம்

கியூஆர் குறியீடு கல்விக்காக உருவானதன்று. சப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசகிரோ காரா தலைமையிலான குழு, தானுந்து உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக 1994இல் இதனை வடிவமைத்தது. அதற்கு முன் வழங்கிய பட்டைக் குறியீட்டில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கின. கிடையாகவும் நெடுக்காகவும் தகவலைப் பதிக்கும் கியூஆர் குறியீட்டிலோ 7,089 இலக்கங்கள் வரை அடங்கும். காப்புரிமை பெற்றிருந்தும் அந்நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டிருந்தால் ஒரு சிற்றூர் ஆசிரியரின் கைக்கு இது வந்திருக்காது.

குறியீட்டின் மூன்று மூலைகளில் காணப்படும் சதுரத்துள் சதுரம் போன்ற அமைப்புகள், படத்தில் குறியீடு எங்கே உள்ளது, எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் கருவிக்கு உணர்த்துகின்றன. இவ்வமைப்பின் நடுவே எத்திசையில் கோடு வரைந்தாலும் கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகக் காணப்படும் விகிதம் என்பதாலேயே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே எழுத்துகளும் படங்களும் நிறைந்த பாடநூல் பக்கத்திலும் கருவி குழப்பமின்றிக் குறியீட்டைக் கண்டுபிடிக்கிறது.

இதனினும் பயனுள்ளது பிழைதிருத்தும் திறனாகும். ரீடு–சாலமன் முறையில் மிகைத் தகவல் சேர்க்கப்படுவதால், குறியீட்டின் ஒரு பகுதி அழிந்தாலும் மூலத் தகவலை மீட்கலாம். இதற்கு நான்கு நிலைகள் உள்ளன. அவை முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு வரையிலான சேதத்தைத் தாங்கும். மைக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு, மடிப்பு ஆகியவற்றுடன் ஓராண்டு முழுவதும் புத்தகப் பையில் கிடக்கும் நூலுக்கு இது வேண்டிய பண்பே.

குறியீட்டில் எதனைப் பதிப்பது என்பது மற்றொரு வடிவமைப்புச் சிக்கலாகும். நிகழ்படத்தின் முழு முகவரியையும் நேரடியாகப் பதித்தால், பின்னாளில் அந்தப் பக்கம் இடம் மாறும்போது அச்சிட்ட நூல்கள் அனைத்திலும் குறியீடு செத்துவிடும். மேலும் தகவல் கூடக்கூடக் கட்டங்கள் நுணுகும். விலை குறைந்த படக்கருவிகளால் அவற்றைப் படிப்பது கடினம். குறியீட்டில் சிறிய அடையாள எண்ணை மட்டும் பதித்து, அது சுட்டும் பாடப்பொருளை வழங்கியில் வேண்டும்போது மாற்றிக்கொள்வதே பெருமளவில் அச்சிடப்படும் நூல்களுக்கு உகந்தது.

மாநில, தேசிய அளவில் பரவல்

மகாராட்டிரத்தில் முதன்முதலாகக் கியூஆர் குறியீடுகளைப் பயன்படுத்தியது டிசலேயின் பள்ளியே எனப் பரிசுக் குறிப்பு கூறுகிறது. அவர் அளித்த முன்மொழிவும் அதனைத் தொடர்ந்த வெள்ளோட்டமும் வெற்றி பெற்றபின், அனைத்து வகுப்புப் பாடநூல்களிலும் குறியீடுகள் இடம்பெறும் என்று மாநில அரசு 2017இல் அறிவித்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பாடநூல்களிலும் இவை சேர்க்கப்படும் என அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் 2018இல் அறிவித்தார்.

இப்பரவலை ஒருவர் முயற்சியின் விளைவாக மட்டும் காண்பது சரியன்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சந்தைக்கு வந்தபின் இந்தியாவில் இணையத் தரவின் விலை வெகுவாகக் குறைந்தது. 2017 செப்டம்பர் 5 அன்று நடுவண் அரசின் திக்சா தளம் தொடங்கப்பட்டது. பல மாநிலப் பாடநூல்களின் குறியீடுகள் இத்தளத்திற்கே இட்டுச் செல்கின்றன. திக்சாவின் குறியீடுகளுக்கு அடியில் ஆறு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு குறிச்சொல் அச்சிடப்படுவதால், படக்கருவி பழுதானாலும் அதனைத் தட்டெழுதிப் பாடத்தை அடையலாம்.

தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டத்தின்படி 2018–19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளியான நூல்களில் இவை இடம்பெற்றன. அடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் விரிந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை 'விரைவுக் குறியீடு' என வழங்குகின்றன.

எல்லை கடந்த வகுப்பறை

போரும் பகைமையும் நிலவும் நாடுகளின் மாணவர்களை இணையத்தின் வழியே ஒருவரோடொருவர் பேசவைக்கும் திட்டமொன்றையும் டிசலே நடத்தினார். 'எல்லைகளைக் கடப்போம்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஆறு வார காலத் திட்டம் அது. இந்தியா–பாக்கித்தான், இசுரேல்–பாலத்தீனம், ஈரான்–ஈராக்கு, அமெரிக்கா–வட கொரியா ஆகிய இணைகள் இதில் இடம்பெற்றன. எட்டு நாடுகளைச் சேர்ந்த 19,000 மாணவர்கள் பங்கேற்றனர் என்று பரிசுக் குறிப்பு கூறுகிறது. பிற நாட்டு வகுப்பறைகளுக்கு இணையவழிச் சுற்றுலாக்களையும் அவர் நடத்தியுள்ளார்.

உலக ஆசிரியர் பரிசு

வர்க்கி அறக்கட்டளை யுனெசுக்கோவுடன் இணைந்து வழங்கிய 2020ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசுக்கு, 140க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 12,000க்கும் மேற்பட்ட பரிந்துரைகளும் விண்ணப்பங்களும் வந்தன. பெருந்தொற்றின் காரணமாக விழா இணையவழியில் நடைபெற்றது. 2020 திசம்பர் 3 அன்று, இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து நடிகர் இசுடீபன் பிரை வெற்றியாளரின் பெயரை அறிவித்தார். பெற்றோருடன் வீட்டில் அமர்ந்திருந்த டிசலே அதனைக் கேட்கும் காட்சி பின்னர் இணையத்தில் பெரிதும் பகிரப்பட்டது.

பரிசுத் தொகை 10 இலட்சம் அமெரிக்க டாலர் ஆகும். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த ஏனைய ஒன்பதின்மருக்கும் சமமாகப் பிரித்தளிப்பதாக டிசலே அப்போதே அறிவித்தார். ஒவ்வொருவருக்கும் 55,000 டாலருக்குச் சற்று மிகுதியாகக் கிடைத்தது. நைசீரியா, ஐக்கிய இராச்சியம், இத்தாலி, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, தென் கொரியா, மலேசியா, வியட்நாம், பிரேசில் ஆகிய நாடுகளின் ஆசிரியர்கள் இவ்வாறு பயனடைந்தனர். இப்பரிசின் வரலாற்றில் தொகையைச் சக போட்டியாளர்களுடன் பகிர்ந்துகொண்ட முதல் வெற்றியாளர் இவரே ஆவார்.

விமரிசனங்களும் சர்ச்சையும்

பரித்தேவாடியில் பெண் குழந்தைகளின் வருகை 100 விழுக்காட்டை எட்டியதாகவும் சிறுவயதுத் திருமணங்கள் நின்றுவிட்டதாகவும் பரிசுக் குறிப்பு கூறுகிறது. ஊரில் தங்கி, மொழி கற்று, பெற்றோரிடம் பேசிய ஓர் ஆசிரியரின் பல ஆண்டு உழைப்பின் பயனாக இதனைக் கொள்ளலாம். அச்சிட்ட சதுரங்களின் பயனாக மட்டும் கொள்ள இயலாது. குறியீட்டை வேறோர் ஊருக்கு எளிதில் கொண்டு செல்லலாம். அந்த உழைப்பை அவ்வாறு கொண்டு செல்ல முடியாது. இத்திட்டத்தின் பரவலை மதிப்பிடுவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

நகர்பேசி இல்லாத குழந்தை பற்றிய கேள்வியும் உண்டு. 2020ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கையின்படி, ஊரகப் பள்ளி மாணவர்களின் வீடுகளில் திறன்பேசி இருந்தவை 2018இல் 36.5 விழுக்காடாகவும் 2020இல் 61.8 விழுக்காடாகவும் இருந்தன. உயர்வு பெரிதுதான். ஆயினும் பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில், ஐந்தில் ஏறத்தாழ இரண்டு வீடுகளில் பாடநூலின் குறியீடு வெறும் கறுப்புச் சதுரமாகவே இருந்தது. திறன்பேசி இருந்த வீடுகளிலும் அது பகலில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடுவது வழக்கம்.

பரிசு பெற்றபின் டிசலேக்கும் அவர் பணிபுரிந்த நிருவாகத்துக்கும் இடையே உரசல்கள் ஏற்பட்டன. அமெரிக்காவில் ஆய்வு மேற்கொள்ளப் புல்பிரைட்டு உதவித்தொகைக்குத் தெரிவான அவர், 2022 சனவரியில் நீண்ட விடுப்புக் கோரினார். மாவட்டக் கல்வி அலுவலர் அளவில் தடை எழுந்தது. மாநிலப் பள்ளிக் கல்வி அமைச்சர் வர்சா கைக்வாடு தலையிட்டபின் விடுப்பு வழங்கப்பட்டது. முன்னர் அயற்பணிக் காலத்தில் பணிக்கு வராதிருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் மாவட்ட ஊராட்சி விசாரணையும் நடத்தியது. குற்றச்சாட்டை டிசலே மறுத்தார். 2022 சூலையில் அவர் பணிவிலகல் கடிதம் அளித்ததாகச் செய்திகள் வெளியாயின.

இச்சர்ச்சையின்போது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. உலகம் போற்றும் ஆசிரியரை ஒரு விடுப்பு விண்ணப்பத்துக்காக அலையவிடலாமா என்று ஒரு சாரார் கேட்டனர். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் நீண்ட நாள் இல்லாவிடில் அவ்வகுப்பை யார் நடத்துவது என்பது மறுசாராரின் கேள்வியாக இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆராய்ச்சிக்காகச் செல்லும்போது மாற்று ஆசிரியரை அமர்த்துவதற்கான ஏற்பாடு இருந்திருந்தால் இரு கேள்விகளுக்கும் ஒரே விடை போதுமானதாக இருந்திருக்கும்.