ஸ்டிமாச், இகோர்

ஸ்டிமாச், இகோர் (பி. 1967): குரோஷிய தேசத்துக் கால்பந்தாட்ட வீரர், 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக விளங்கியவர். கடலை அணுகி நிதானமாகப் பரந்து செல்லும் நெரெத்வா நதிக்கரையிலுள்ள மெத்கோவிச் என்னும் ஊரில் செப்டம்பர் 6-இல் பிறந்தார்.

1987-இல் சிலி நாட்டில் உலக இளைஞர் பட்டத்தை வென்ற யூகோஸ்லாவிய அணியில், பின்னாளில் பிரசித்தி பெற்ற போபன், புரோசினெச்கி, ஷூகெர் ஆகியோருடன் இவரும் இடம்பெற்றார். ஹைதுக் ஸ்பிளித் கழகத்தில் வளர்ந்து, பின்னர் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் ஆடிய இவர், நடுக்களத்து வித்தகர்களுக்குப் பேர்போன தம் தலைமுறையில் தற்காப்பு அரணாகவே நின்று, குரோஷியா 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் ஸ்தானம் பெற்றபோது அதில் பங்குகொண்டார். 2012-இல் தாய்நாட்டு அணியின் பயிற்சியாளராகி, மறு ஆண்டே அப்பதவியை இழக்க, அது நிகோ கோவாச் என்ற முன்னாள் நடுக்கள வீரரிடம் சென்றது.

இந்தியாவுக்கு வந்த ஆண்டிலேயே, அணித்தலைவர் சுனில் சேத்ரி ஆட இயலாத நிலையில், ஆசியச் சாம்பியனான கத்தாரை அதன் தலைநகரான தோகாவிலேயே கோலின்றிச் சமன்செய்ய வைத்தது இவருடைய அணி; இந்தியக் கால்பந்தின் அண்மைச் சரித்திரத்தில் இதற்கு நிகரான ஆட்டம் அரிது. 2023-இல், பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில், தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் குவைத்தைப் பெனால்டி உதைகளில் வென்று இந்தியா பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அத்தொடரின் முந்தைய ஆட்டங்களில் இருமுறை சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்ட ஸ்டிமாச் அன்று பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. உதவியாளர் மகேஷ் காவ்லியே அணியை நடத்தினார். ஆவேசம் இவருடைய பலமும் பலவீனமுமாக இருந்தது.

எனினும் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றது. சேத்ரிக்கு அடுத்த கோல் வீரரை உருவாக்காமை இவருடைய காலத்தின் பெருங்குறை என்றே கூறவேண்டும். ஜூன் 11-இல் மீண்டும் கத்தார் மண்ணில் அந்நாட்டு அணிக்கு எதிராக, முதலில் முன்னிலை பெற்றும், பந்து எல்லைக்கோட்டைக் கடந்த பின் போடப்பட்டதாகப் பெரும் ஆட்சேபத்துக்குள்ளான கோலால் சமநிலைக்குத் தள்ளப்பட்டு, 1-2 என இந்தியா தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. ஆறு நாட்களில் ஸ்டிமாச் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.