கொரங்காடு: நம் முன்னோர் காத்த மேய்ச்சல் நிலத்தின் சரித்திரம்



சரித்திரம் என்றவுடன் நம்மவர் பாளையக்காரர்களையும் கோட்டைகளையுமே நினைக்கின்றனர். விருப்பாட்சி கோபால நாயக்கர் கும்பினியாரை எதிர்த்து நின்று 1801ஆம் வருஷத்தில் தூக்கிலிடப்பட்ட வரலாறு நம் பக்கத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்து போற்றத்தக்கதே. ஆயினும் கல்வெட்டிலும் காகிதத்திலும் ஏறாத சரித்திரம் ஒன்றும் உண்டு. ஒட்டன்சத்திரத்தினின்று தாராபுரம் நோக்கி வடக்கே செல்வோர் அதனைச் சாலையின் இருமருங்கிலும் காணலாம். கிளுவை முள்வேலி சூழ்ந்து, உள்ளே கொழுக்கட்டைப் புல் படர்ந்து, இடையிடையே வெள்வேல மரங்கள் குடை விரித்து நிற்கும் நிலமே அது. அதனைக் கொரங்காடு என்பர். அறியாதார் அதனைத் தரிசு என்று தள்ளுகின்றனர். அது தரிசன்று, நம் முன்னோர் பல தலைமுறையாகப் பேணிய பயிர்நிலம் என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் நாட்டின் இயல்பை நோக்குவோம். தெற்கே பழநி மலை நிற்கிறது. அம்மலையிற் பிறந்த நங்காஞ்சியாறு வடக்கே ஓடி அமராவதியிற் கலக்கிறது. ஆற்றுப்பாய்ச்சல் சிலருக்கே கிடைத்தது. ஏனையோருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும், பாறையுடைத்துத் தோண்டிய கிணறுமே கதி. அதனால் நம்மவர் நிலத்தை அதன் தகுதி நோக்கி வகுத்தனர். ஆற்றுநீர் ஏறுவது வயல். கிணற்றுநீர் பாய்வது தோட்டம். வானத்தை நம்பிச் சோளமும் கம்பும் விதைப்பது காடு. மெலிந்த மண்ணை மாட்டுக்கென்று ஒதுக்கியது கொரங்காடு.

இந்நான்கும் தனித்தனி என்று எண்ணலாகாது. ஆழ்ந்த கிணற்றினின்று கவலை இறைக்க வலிய எருதுகள் வேண்டும். சால் நிறைந்து மேலேற எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க வேண்டும். பின்பு பின்னோக்கி மேடேற வேண்டும். இவ்வாறே பலமுறை உழைக்க வேண்டும். இவ்வுழைப்புக்கேற்ற எருதை அளித்தது காங்கயம் இனம். அவ்வினத்தை வளர்த்தது கொரங்காட்டுப் புல். அம்மாடுகளின் சாணமே தோட்டத்திற்கு எருவாயிற்று. எருவில் விளைந்த சோளத்தட்டு மீண்டும் மாட்டுக்குத் தீவனமாயிற்று. இச்சக்கரத்தின் அச்சு கொரங்காடே.

கொரங்காட்டின் அமைப்பையும் சற்று விரித்துரைப்போம். வேலிக்குக் கிளுவைப் போத்துகளை நெருங்க நட்டு விடுவர். அவை வேரூன்றி உயிர்வேலியாகும். கல்சுவர் சரியும், கம்பி துருவேறும், கிளுவையோ ஆண்டுதோறும் தழைத்து, ஆட்டுக்குத் தழையும் அளிக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் முதலியன தாமே விதையுதிர்த்து முளைக்கும். கோடையில் வேர் உறங்கிக் கிடந்து, ஒரு மழை கண்டதும் துளிர்ப்பது அப்புல்லின் குணம். கோடையில் புல் காய்ந்தபொழுது வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆகாரமாகும். காயைத் தின்ற கால்நடையின் சாணத்தில் விதை எளிதில் முளைப்பதால், மரம் நடுவதற்கும் தனியே ஆள் வேண்டுவதில்லை. நிலத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, ஒன்று மேயும்பொழுது மற்றொன்று இளைப்பாறும்படி விடுவர். மேலை நாட்டார் இன்று பாடசாலையிற் கற்பிக்கும் முறைமேய்ச்சலை நம் பாட்டனார் படலைத் திறந்தும் சாத்தியுமே நடத்தினார்.

இதன் பெருமையை அயலாரும் உணர்ந்தனர். இராஜாங்கத்தாரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ரசாயன அறிஞர், 1893ஆம் வருஷத்தில் வெளிவந்த தம் அறிக்கையில், தேர்ந்த இந்தியக் குடியானவன் ஆங்கில உழவனுக்குச் சிறிதும் தாழ்ந்தவனல்லன் என்ற கருத்தை வெளியிட்டார். 1909இல் கன் என்பவரும், 1936இல் லிட்டில்வுட் என்பவரும் தென்னாட்டுக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூல்களில் காங்கயம் இனத்திற்குத் தக்க இடம் அளித்தனர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அவ்வினத்தைத் தேர்ந்து வளர்த்துப் புகழ் கொண்டதும், கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தைக்குத் தூரதேசத்தார் வந்து மாடு கொண்டதும் யாவரும் அறிந்தவை.

நிற்க. இச்சக்கரம் எவ்வாறு தளர்ந்தது? 1932இல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. நாளடைவில் கொங்குநாட்டுக் கிணறுகளில் மின்விசைப் பம்பு ஏறியது, கவலை இறங்கியது. அதன்பின் டிராக்டர் வந்தது. எருதுக்கு வேலையில்லாமற் போகவே, எருதை வளர்த்த நிலத்திற்கும் மதிப்பில்லாமற் போயிற்று. 1990இல் 11.74 லக்ஷமாக இருந்த காங்கயம் மாடுகள் 2000இல் 4.79 லக்ஷமாகக் குறைந்தன என்று ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். பம்பினால் கைவலி தீர்ந்தது உண்மை. ஆயின் எருது இளைத்தால் இறைப்பு நிற்கும் என்ற பழைய அளவும் தீர்ந்தது. நீர்மட்டம் இறங்க, கிணற்றுக்குள் ஆழ்துளை இறக்கினோம். அதுவும் வற்ற, அடுத்ததைத் துளைத்தோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை கேரளம் வரை பெயர்பெற்றது. தக்காளியும் முருங்கையும் பணம் தரும். புல் என்ன தரும்?" என்பர். நியாயமான கேள்வியே. நல்ல மழையும் நல்ல விலையும் கூடிய வருஷத்தில் கொரங்காட்டு வரும்படி தோட்டத்து வரும்படிக்கு ஈடாகாது, இதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விலை வீழ்ந்து தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிய நாட்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்நாட்களில் குடும்பத்தைத் தாங்கியது தொழுவத்துப் பாலும் பட்டியாடும் அல்லவா? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இராஜதானியெங்கும் மாடுகள் தீவனமின்றி மடிந்தன. மாடு மடிந்தவன் மழை பெய்த பின்னும் உழ முடியாமல் நின்றான். கொரங்காடு நல்ல வருஷத்திற்காக ஏற்பட்டதன்று. கெட்ட வருஷத்திற்காக ஏற்பட்டது.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில விண்ணப்பங்கள். பாகப்பிரிவினைதான் கொரங்காட்டின் பெரும் பகை. நான்கு சகோதரர் தோட்டத்தையும் கிணற்றையும் அளந்து பிரித்துக்கொண்டு, கொரங்காட்டை மட்டும் மனையாக்கி விற்றுப் பணத்தைப் பங்கிடுகின்றனர். அவ்வாறு செய்யாது அதனைப் பொதுவில் வைத்து முறை போட்டு மேய்க்கலாம். அல்லது ஒருவர் ஏற்று மற்றவர்க்கு ஈடு தரலாம். கிளுவை வேலியில் இடைவெளி கண்டால், கம்பி வாங்குமுன் மழைப் பருவத்தையொட்டிப் போத்து நடுங்கள். சீமைக்கருவேல் தலைகாட்டினால் கன்றிலேயே வேரோடு களையுங்கள். அது வளர்ந்த இடத்தில் புல் நில்லாது. தாய்மார்களே, உங்கள் மாமியார் அறிந்த புல்லின் பெயர்களையும் மாட்டு மருந்துகளையும் கேட்டுக் குறித்து இச்சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அவர்களோடு அவை மறைந்து போகலாகாது.

ஒருமுறை உழுது வீடு கட்டிய கொரங்காடு மீண்டும் கொரங்காடாவதில்லை. விற்ற பணம் ஒரு கலியாணத்திற்குக் காணும். வேலியோடு விட்ட நிலமோ பேரன் காலத்திலும் புல் தரும். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், குடும்பத்துப் பெரியவர் ஒருவரேனும் ஒருநாள் மாலை அந்நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வருவாராக.

சுபம்.