காலம் கடந்து வந்த மறுமொழி: குண்டலகேசியும் நீலகேசியும்

நீலகேசி தமிழின் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்று. ஆசிரியர் பெயர் அறியப்படாத இச்சமண நூல் கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றியது என்பர். 10 சருக்கங்களும் 894 செய்யுட்களும் கொண்டது. காப்பியம் என்று பெயர் பெற்றாலும் இதில் தன்னிகரில்லாத் தலைவனும் இல்லை, திருமணமும் இல்லை, போரும் இல்லை. ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுவதே கதை. தனக்கு முன்பே வழங்கி வந்த குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்துக்கு மறுமொழியாகவே இந்நூல் எழுந்தது.

குண்டலகேசியை இயற்றியவர் நாதகுத்தனார். அதன் தலைவி பத்திரை என்னும் வணிகர் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட காளன் என்னும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். பிறகு ஒருநாள் ஊடலில், "நீ கள்வன் அல்லவா" என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அதை மனத்தில் வைத்துக்கொண்ட காளன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிவிட முனைகிறான். சாகுமுன் கணவனை வலம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பின்புறம் சென்ற அவள், அவனைத் தள்ளிவிடுகிறாள். பின்னர்ச் சமணரிடம் சேர்ந்து துறவு பூணுகிறாள். அங்கே பறிக்கப்பட்ட கூந்தல் சுருண்டு வளர்ந்ததால் குண்டலகேசி ஆனாள். ஊர் வாயிலில் நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைப்பது அவள் வழக்கம். இறுதியில் புத்தரின் மாணவரான சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவி ஆகிறாள். இதே கதை பாலி மொழி நூல்களிலும் உண்டு.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டலகேசி வெறும் பௌத்தப் பெண் அல்லள். சமணத்தைக் கற்று, அதற்காக வாதாடி, பின் அதை விட்டு வெளியேறியவள். சமணர்களுக்கு இந்தக் கதை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மறுமொழி சொல்ல வந்தவரும் ஒரு பெண்ணையே தேடினார்.

அவர் தேர்ந்தெடுத்தது பழையனூர் நீலியை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வணிகன் ஒருவனைப் பழிவாங்கிய பேயாக நீலி பேசப்படுகிறாள். அச்செய்தி சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிக்கப்படுவதால் அது மிகப் பழையது. காப்பியத்தில் இந்த நீலி, காளிக்குப் பலியிடுவதைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வருகிறாள். முடியாமற் போகவே அவரிடமே அறம் கேட்டு மாணவி ஆகிறாள். பலரும் அஞ்சிய பேயைத் தருக்கம் பேசும் அறிஞராக்கியது துணிச்சலான கற்பனை என்றே சொல்ல வேண்டும். பெயரிலும் மறுமொழி தெரிகிறது: அவள் சுருண்ட கூந்தலாள் என்றால் இவள் கருங்கூந்தலாள்.

நீலகேசி முதலில் சென்று வாதிடுவது காம்பிலிய நகரில் இருந்த குண்டலகேசியோடுதான். அவளை வென்ற பின் அவளுடைய ஆசிரியராகிய அருக்கச்சந்திரரையும், அடுத்து மொக்கலரையும், இறுதியில் புத்தரையே நேரில் சந்தித்து வாதிடுகிறாள். புத்தர் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின் எழுதப்பட்ட நூலில் புத்தர் எழுந்து வந்து விடை கூறித் தோற்கிறார்! எதிரியின் வாயில் சொல்லை வைப்பவர் வாதத்தில் தோற்பது எப்படி? இந்தக் குறை நீலகேசிக்கு மட்டும் உரியதன்று. குண்டலகேசியில் சமணத் துறவியைத் தோற்கச் செய்ததும் இதே முறைதான்.

ஆனால் நீலகேசி ஆசிரியரை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை முதலில் கூறி, பின்னரே மறுக்கும் பழைய தருக்க ஒழுங்கை அவர் பின்பற்றுகிறார். எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிவது என்றால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் ஆகானா என்பது பௌத்தத்தை நோக்கிய அவருடைய முக்கியமான கேள்வி. தான் கொல்லாதவரை ஊன் உண்பது குற்றமன்று என்ற கருத்தையும் விடாமல் தாக்குகிறார். சில இடங்களில் ஏளனம் மிகுந்துவிடுகிறது. பௌத்தரோடு நிற்காமல் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சருக்கம் வகுத்திருப்பதால், ஆசீவகத்தைப் பற்றி ஆராய்பவர்களுக்கும் இந்நூல் இன்றியமையாதது.

பின்னாளில் சமயதிவாகர வாமன முனிவர் நீலகேசிக்கு விரிவான உரை எழுதினார். அதன் பெயர் சமயதிவாகரம். மறுக்கப்படுவது எது என்று படிப்போருக்கு விளங்க வேண்டும் அல்லவா? அதற்காக உரையாசிரியர் குண்டலகேசியின் கதையைச் சொல்கிறார். அதன் செய்யுட்கள் பலவற்றின் முதற்குறிப்பையும் தருகிறார். அவர் காலத்தில் குண்டலகேசி ஏடு கைக்கெட்டும் நிலையில் இருந்தது என்று இதனால் கொள்ளலாம். பின்பு அது மறைந்துபோயிற்று. இன்று குண்டலகேசி என்று அச்சிடப்படும் நூலில் இருப்பவை 19 செய்யுட்களே. புறத்திரட்டு என்னும் தொகைநூலும் பழைய உரைகளும் காத்துத் தந்தவை அவை. பத்திரை, காளன் கதை தமிழில் முழுமையாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அந்நூலை மறுக்க வந்த நூலின் உரையே.

தமிழில் மட்டும் இப்படி நடக்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறித்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து, 248ஆம் ஆண்டை ஒட்டி, ஒரிகன் என்ற கிறித்தவ அறிஞர் 8 பகுதிகளில் அதற்கு மறுப்பு எழுதினார். மறுமொழி தேவையா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. அம்புரோசு என்ற நண்பரின் வேண்டுகோளுக்காகவே எழுதினார். கெல்சுஸின் வாக்கியங்களை எடுத்துக்காட்டி ஒவ்வொன்றாக மறுத்தார். கெல்சுஸின் மூலநூல் இன்று இல்லை. அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஒரிகனின் மறுப்பிலிருந்தே அறிஞர்கள் திரட்டியிருக்கிறார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். ஒரிகன் எதிரியின் சொற்களையே மேற்கோளாகத் தந்தார். நீலகேசி ஆசிரியரோ எதிரியைக் கதைமாந்தர் ஆக்கித் தம் செய்யுளிலேயே பேச வைத்தார். எனவே நீலகேசியின் இரண்டாம் சருக்கத்தில் பேசும் குண்டலகேசியை நாதகுத்தனாரின் குண்டலகேசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ப் பௌத்தத்தைப் பற்றி எழுதுவோர் சிலர் இந்த வேறுபாட்டைப் பாராமல் மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். உரையாசிரியர் குறிக்கும் முதற்குறிப்புகளையும், பிற தொகைகளில் கிடைக்கும் முழுச் செய்யுட்களையும், நீலகேசி ஆசிரியரின் சொந்தக் கூற்றையும் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதே முறை.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்தது. வீரசோழியம் இயற்றிய பௌத்தரான புத்தமித்திரனார் 11ஆம் நூற்றாண்டினர். ஆகவே நீலகேசி தோன்றிய காலத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் பௌத்தர்கள் இருந்தார்கள், கற்றவர்களும் இருந்தார்கள். ஆயினும் நீலகேசிக்குப் பௌத்தர் எழுதிய மறுமொழி எதுவும் இன்று கிடைக்கவில்லை. நீலகேசியோ ஏட்டிலேயே நெடுங்காலம் கிடந்து, 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் முயற்சியால் சமயதிவாகர உரையோடு அச்சேறியது.